கம்பளிக்கு அடியில்

பிப்ரவரி 6, திங்கள்

மாநாட்டுக்கு வந்த கூட்டம் ஓட்டலைக் காலி செய்துவிட்டுப் போனதில் சலவைக்கூடம் முழுக்க வெள்ளை மலை. ஆவியில் நின்று நின்று, மதியத்துக்கு மேல் எனக்கு எல்லாமே கொஞ்சம் தூரத்தில் நடப்பது போல இருந்தது. விரிப்புகள் தானாக மடிந்துகொள்கின்றன, என் கைகள் சும்மா வேடிக்கை பார்க்கின்றன - அப்படி.

வீட்டுக்கு வந்தால், காலையில் விட்டுவிட்டுப் போன அதே நாற்காலியில் இவர். பிளாஸ்கில் டீ அப்படியே இருந்தது.

"குடிக்கலையா?"

"எடுக்கலாம்னு நெனச்சேன். மறந்துட்டேன்."

மறக்கவில்லை. கொட்டிவிடுவோமோ என்ற பயம். அது இருவருக்கும் தெரியும், இருவரும் சொல்லிக்கொள்வதில்லை.

கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது, ஓரம் மட்டும்தான் மிச்சம் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகப்போகிறது. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்த மனிதர். என் முகம் தெரிய வேண்டுமானால், இப்போது இவர் என்னை விட்டு வேறு பக்கம் திரும்ப வேண்டும். ஜன்னலைப் பார்த்தபடி, "இன்னைக்கு ரொம்பக் களைச்சுப்போய் இருக்க" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

பிப்ரவரி 10, வெள்ளி

ஓட்டல் கூடத்தில் மாடிப்படி ஓரமாக மூன்று செம்மறிகள் நிற்கும். பொம்மைகள்தான். ஆனால் அசல் ஆட்டின் அளவு, அசல் கம்பளி. வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இத்தனை வருடம் நானும் அவற்றைக் கடந்து போயிருக்கிறேன், தூண்களைக் கடந்து போவது போல.

இன்று ஒரு குழந்தை, ஒன்றின் முதுகில் திராட்சை ஜூஸைக் கவிழ்த்துவிட்டது. மேனேஜர் ஓடி வந்தார்.

"மேடம், மெஷின்ல மட்டும் போட்டுடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"மெஷின் கதவுல இது நுழையுமா சார்?"

"நுழையாதுல்ல? அதான். நீங்களே எப்படியாவது பாத்துக்குங்க."

சலவைக்கூடத்துச் சூட்டில் உள்ளே இருக்கும் பசை இளகிவிடும். எனவே வீட்டுக்குக் கொண்டுவந்தேன், ஓட்டல் வேனில். டிரைவர் அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டார். சிக்னலில் பக்கத்துப் பேருந்துக்காரர்கள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். ஆடு யாரையும் பார்க்கவில்லை. அது கொஞ்சம் தலையைத் திருப்பி, ஜன்னலுக்கு வெளியே எங்கோ பார்த்துக்கொண்டு வந்தது. அந்த முகத்தை இன்றுதான் பார்த்தேன். யாரோ கூப்பிட்டுத் திரும்பிய முகம்.

பிப்ரவரி 11, சனி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

பின்கட்டு வெயிலில் ஆட்டை நிறுத்தி, ஈரத்துணியால் மயிரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். நனைந்த கம்பளி வாசனை, சோப்பு வாசனை. ஊதா நிறம் மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாகி, வெறும் நீரானது. பின்னால் கதவு திறந்தது. இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கூப்பிடவில்லை. தானாக வந்தார்.

"எங்க இருக்கு?"

கையைப் பிடித்து முதுகில் வைத்தேன். முதலில் சும்மா தடவினார். பிறகு விரல்கள் கம்பளிக்குள் இறங்கின. இறங்கி, நின்றன. பிறகு முன்னும் பின்னும் நகர்ந்தன. வேலை செய்த காலத்தில் மேஜை மேல் குனிந்து மேட்டுக்கும் பள்ளத்துக்கும் கோடு போடும்போது இவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

"இங்க கை வை."

வைத்தேன். கம்பளிக்கு அடியில் விலா எலும்புகள். ஒவ்வொன்றாகத் தெரிந்தன. முதுகெலும்பின் முடிச்சுகள். தோள்பட்டை. முன்னங்கால் ஒன்றில் ஒரு புடைப்பு, எலும்பு உடைந்து கூடினால் வருமே, அந்த மாதிரி.

"கண்ணுக்குத் தெரியாத எடத்துல எதுக்கு இவ்வளவு வேலை? மேல கம்பளி மூடிடுது. யார் பாக்கப் போறா?"

"அழகுக்கு செஞ்சிருப்பாங்க."

"அழகுக்கு செய்யறவன் காலை உடைப்பானா?" என்றார். "இது பொம்மை இல்லம்மா. இது ஒரு ஆடு. யாருக்கோ தெரிஞ்ச ஆடு."

கழுத்தில் ஓரிடத்தில் கம்பளி ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. உள்ளங்கை அளவு, சதுரமாக. மேல் மயிர் விழுந்து மறைத்திருந்ததால் எனக்குத் தெரியவே இல்லை. இவர் விரல் நேராக அங்கே போய் நின்றது.

டீயைத் தானே ஊற்றிக் குடித்தார். கொஞ்சம் சிந்தியது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

மதியத் தூக்கத்தில் ஒரு மந்தைக்குள் நடந்து போனேன். சத்தமே இல்லை. இருபுறமும் வெதுவெதுப்பாக உரசிக்கொண்டு போயின. விழித்தால் காய வைத்த ஆடு அறை நடுவில் நிற்கிறது, இவர் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தபடி தூங்கிப்போயிருக்கிறார். எது கனவு என்று பிரித்தெடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவசரப்பட்டுப் பிரிக்கவும் தோன்றவில்லை.

பிப்ரவரி 14, செவ்வாய்

ஆட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது, "நானும் வர்றேன்" என்றார். சட்டை மாற்றிக்கொண்டு நின்றார்! கடைசியாக வீட்டை விட்டு இறங்கியது கண் டாக்டரிடம் போகத்தான்.

கூடத்தில் மற்ற இரண்டையும் தொட்டுப் பார்த்தார். ஒன்று சினை. வயிற்றுக்குள் கனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுகூடத் தெரிந்ததாம். இன்னொன்று கிழடு, இடுப்பெலும்பு கூர்மையாக. மூன்றுக்கும் கழுத்தில் அதே இடத்தில் அதே வெட்டு.

மேனேஜர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "சார் என்ன பண்றாரு மேடம்? கெஸ்ட் எல்லாம் பாக்கறாங்க."

"வைத்தியம் பாக்கறாரு சார்."

"ஓ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லா இருக்குதாமா?" என்று கேட்டார், பாவம், உண்மையான கவலையோடு.

திரும்பும் வழியில் இவர் சொன்னார்: "இதைச் செஞ்ச ஆளைப் பாக்கணும்." பார்க்கணும் என்றுதான் சொன்னார்.

பிப்ரவரி 19, ஞாயிறு

மேனேஜர் வழி காட்டிய அறைகலன் கடைக்குப் போனோம். சோபாக்களுக்கு நடுவே நாலாவதாக ஒரு ஆடு! இவருக்கு நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. ஆட்டின் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"ஒரு அம்மாதான் கொண்டுவருவாங்க" என்றார் கடைக்காரர். "பழைய வேன். எறக்கி வெச்சிட்டு, திரும்பிக்கூடப் பாக்காம ஏறிப் போயிடுவாங்க. ஒருவாட்டி, நல்லா விக்குது, இன்னும் நாலு செஞ்சு தாங்கன்னு கேட்டேன். மொறைச்சாங்க பாருங்க - அதுக்கப்புறம் நான் வாயே தொறக்கல."

"வீடு எங்க?"

"தெரியாதே. போன் நம்பர் ஒண்ணு இருந்துச்சு, இப்ப வேலை செய்யல. வந்தும் பல மாசம் ஆச்சு."

இந்த ஆட்டின் கழுத்திலும் அந்த வெட்டு.

பிப்ரவரி 28, செவ்வாய்

கம்பளி விற்கிறவர்கள், தோல் பதனிடுகிறவர்கள், பொம்மைக் கடைகள். யாருக்கும் தெரியவில்லை. தங்கச்சி போனில் கேட்டாள்: "ஏன்க்கா, ஊர் உலகத்துல புருஷன் பொண்டாட்டி சினிமாவுக்குப் போவாங்க. நீங்க ஆடு தேடிப் போறீங்களா?"

ஆமாம். இவர் கையைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக. மழைக்குப் பிந்தைய தெருக்கள். இவருக்கு ஓரங்கள் மட்டும் தெரிவதால், நான் கவனிக்காததை எல்லாம் சொல்கிறார்: மாடியில் உலரும் பச்சைப் பாவாடை, சாக்கடை ஓரத்துப் பூ. நடுவில் நிற்பதை நான் சொல்கிறேன். இரண்டையும் சேர்த்தால் ஒரு முழுத் தெரு.

மார்ச் 4, சனி

எங்கள் தெருமுனையில் பூனை டாக்டர் இருக்கிறார். சின்ன வயசுப் பெண். நாய்க்கும் பார்ப்பாள் என்றாலும் பெயர் என்னவோ அப்படித்தான். இவருக்குத்தான் அந்த யோசனை. அந்தக் கழுத்து வெட்டை நான் செல்போனில் படம் பிடித்துக் காட்டினேன்.

பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"ரத்தக்குழாய் தெரியறதுக்காக ஷேவ் பண்ற எடம் ஆன்ட்டி. ஊசி போட."

"என்ன ஊசி?"

பக்கத்தில் ஒரு பூனை கூடையில் கத்திக்கொண்டிருந்தது. அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே சொன்னாள். "எது வேணா இருக்கலாம். ஆனா எல்லா ஆட்டுக்கும், ஒரே அளவுல, இவ்வளவு சரியான எடத்துலன்னா... தூங்க வெக்கற ஊசியாத்தான் இருக்கும்."

தூங்க வைக்கிற. அவள் சொன்ன விதத்தில் எங்களுக்குப் புரிந்தது.

வீடு வரைக்கும் என் முழங்கையைப் பிடித்திருந்த இவர் கை இறுகியே இருந்தது.

மார்ச் 9, வியாழன்

பூனை டாக்டர் தன் கல்லூரிக்காரர்களிடம் விசாரித்துச் சொன்னாள். அவளுக்குப் பல வருடம் மூத்தவர் ஒருவர். மலைப்பக்கம் கால்நடை டாக்டராக இருந்தாராம். ஒரு தொற்றுநோய் வந்த வருடத்தில் வேலையை விட்டுவிட்டாராம். இப்போது ஊருக்கு வெளியே, மூடிப்போன பேருந்துப் பணிமனையில் ஆடுகள் செய்துகொண்டிருக்கிறாராம்.

"கொஞ்சம் கோவக்காரங்க ஆன்ட்டி. பாத்துப் பேசுங்க."

மார்ச் 12, ஞாயிறு

பணிமனையின் தகரக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே, உயரத்துக் கண்ணாடிகள் வழியாகப் பால் மாதிரி வெளிச்சம். கம்பளித் தூசு அந்த வெளிச்சத்தில் மிதந்துகொண்டே இருந்தது, விழவே இல்லை. வரிசையாக ஆடுகள். சில கம்பளியோடு, சில வெறும் உடம்போடு - மரத்தூளும் பசையும் குழைத்துச் செய்த சாம்பல் நிற உடம்புகள். எல்லாமே தலை திருப்பி எங்களைப் பார்ப்பது போல. எனக்கு மூச்சுவிடக் கூச்சமாக இருந்தது.

"வாங்க வந்த ஆளா, கேள்வி கேக்க வந்த ஆளா?"

தலையில் துண்டு கட்டிய ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும். இரண்டு மணிக்கட்டிலும் பட்டை கட்டியிருந்தார்.

"கேள்விதான்" என்றார் இவர். "ஓட்டல்ல ஒண்ணு நிக்குது. முன்னங்கால் ஒடைஞ்சு கூடினது. அதைத் தொட்டுப் பாத்தேன்."

ஆட்டு டாக்டர் - அவரை அப்படியே எழுதுகிறேன் - கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார். "தொட்டீங்களா?" என்றார். "அது வேலியில மாட்டிக்கிட்டு ஒடைச்சுக்கிச்சு. நான்தான் கட்டுப் போட்டேன். ஓட்டல்லயா இருக்கு? கூட்டம் இருக்குமா அங்க?"

"எப்பவும் இருக்கும்" என்றேன்.

"நல்லது. அது தனியா நிக்காது."

பிறகு டீ கொடுத்தார், சொன்னார். சொல்லும்போது பசையைக் கிளறிக்கொண்டே இருந்தார். தொற்று பரவிய வருடம். நோய் கண்ட ஒரே ஒரு ஆடு இருந்தாலும் மந்தை முழுவதையும் முடித்துவிட வேண்டும் என்று உத்தரவு. மலைச்சரிவில் ஒரு அம்மாவின் மந்தை; குட்டியிலிருந்து ஆட்டு டாக்டர் வைத்தியம் பார்த்த ஆடுகள். வேறு ஆள் வந்தால் அதட்டி இழுப்பார்கள் என்று தானே போனார். ஒவ்வொன்றாகக் கழுத்தில் மயிரை வெட்டி, ஊசி. மந்தைக்கார அம்மா பக்கத்திலேயே நின்று, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது தலையைத் திருப்பும்போது டாக்டர் ஊசி போட்டார்.

"பேர் எல்லாம் மறந்துபோச்சு. கை மறக்கல."

"வித்துடறீங்களே" என்றேன்.

"வெச்சுக்கிட்டா அதுங்களோட பேச ஆரம்பிச்சிடுவேன்."

அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் இவர் கேட்டார்: "அந்த அம்மாகிட்ட ஒண்ணையாவது கொண்டுபோய்க் காட்டினீங்களா?"

கிளறுவது நின்றது.

"டீ குடிச்சாச்சுல்ல? கெளம்புங்க."

மார்ச் 13, திங்கள்

ஏன் கேக்கணும்? தேடித் தேடி ஒரு மனுஷியைக் கண்டுபிடிச்சு, அவங்க வாயைத் தொறந்து பேசினதே பெரிசு - அதுல போய் ஒரு ஆணி அடிக்கணுமா? கேட்டேன். நல்லாவே கேட்டேன் இவரை.

இவர் கோபப்படவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினார், அதாவது என்னைப் பார்த்தார். "ஒரு வருஷமா வீட்டுக்குள்ளயே கெடந்தவன் நான். இன்னொருத்தர் அப்படிக் கெடந்தா எனக்குத் தெரியும். அவங்க அந்த அம்மாவுக்காகத்தான் செய்யறாங்க. அங்க மட்டும் கொண்டு போகல."

விரிப்பு மடிக்கப் போய்விட்டேன், வீட்டில் மடிக்க ஒன்றுமே இல்லாதபோது.

மார்ச் 19, ஞாயிறு

மறுபடியும் நாற்காலி.

மார்ச் 25, சனி

போன். ஆட்டு டாக்டர்தான். எண்ணைப் பூனை டாக்டரிடம் வாங்கினாராம்.

"உங்க வீட்டுக்காரர் இருக்காரா? அவர்கிட்ட சொல்லுங்க. அடுத்த ஞாயிறு அந்த அம்மாகிட்ட போறேன். அவரும் வரணும். கேள்வி கேட்டவர் வேடிக்கை மட்டும் பாத்தா ஆச்சா?"

சொன்னேன். இவர் சிரித்தார். கண் போன பிறகு இந்தச் சிரிப்பைப் பார்த்த நினைவே இல்லை.

ஏப்ரல் 2, ஞாயிறு

எழுதிவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.

காலையில் மலைப்பாதை முழுக்க மூடுபனி. வேனின் முன்னால் ஆட்டு டாக்டர், நான், இவர். பின்னால் ஒற்றை ஆடு. ஒரு வளைவில் பனி எங்களை அப்படியே விழுங்கிவிட்டது. சாலை இல்லை, மரம் இல்லை. வேன் நிற்கிறதா போகிறதா என்றே தெரியவில்லை. "இப்ப எல்லாருக்கும் என் கண்ணு" என்றார் இவர். ஆட்டு டாக்டர் வெடித்துச் சிரித்தார். சிரித்த வேகத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சரிவில் ஓர் ஓட்டு வீடு. பக்கத்தில் பட்டி. காலியாக, ஆனால் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக. வேன் நின்றது. ஆட்டு டாக்டர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"முடியல" என்றார்.

நானும் இவரும்தான் ஆட்டை இறக்கினோம். இவர் முன்னால், நான் பின்னால், ஈரப்புல்லில் தட்டுத்தடுமாறி. பனிக்குள்ளிருந்து மந்தைக்கார அம்மா வந்தார். மெலிந்த, உயரமான உருவம். எங்களை யாரென்று கேட்கவே இல்லை. ஆட்டைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். உள்ளே யார் என்று தெரிந்துவிட்டது போலும்.

ஆட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். முதுகில் கை வைத்தார். விலாவில், வயிற்றில், வாலடியில். கை நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. பிறகு வேன் பக்கம் திரும்பி, அந்தச் சரிவே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

"டாக்டரம்மா! எறங்கி வாங்க. காது தப்பு!"

வேன் கதவு திறந்தது.

"இதுக்கு மடங்கினது இடது காது. நீங்க வலதை மடக்கி வெச்சிருக்கீங்க."

ஆட்டு டாக்டர் மெதுவாக வந்து நின்றார். "வலதுன்னுதான் ஞாபகம்..."

"எதிர்ல நின்னுல்ல பாத்தீங்க. எப்பவும் மூஞ்சிக்கு மூஞ்சி. உங்களுக்கு வலதுன்னா அதுக்கு இடது."

இருவரும் ஆட்டின் இரு பக்கமும் நின்றார்கள். மந்தைக்கார அம்மாவின் கை கழுத்துக்கு வந்தது. அந்த வெட்டில் நின்றது.

"இதை ஏன் இப்படி விட்டு வெச்சிருக்கீங்க?"

"மறைக்க மனசு வரல."

அந்த அம்மா நெடுநேரம் அந்தச் சதுரத்தைத் தன் உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்ததுல இங்க மயிர் வெச்சிடுங்க" என்றார். "குளிரும்."

ஆட்டு டாக்டர் அப்படியே ஈரப்புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு வீட்டுக்குள் ரொட்டியும் சூடான பாலும். மந்தைக்கார அம்மா ஒவ்வோர் ஆட்டின் பெயரையும் சொல்லச் சொல்ல, ஆட்டு டாக்டர் அதன் உடம்பைச் சொன்னார். ஒருவருக்குப் பெயர், மற்றவருக்கு உடம்பு. அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. அவை என்னுடையவை அல்ல.

ஏப்ரல் 3, திங்கள்

ஓட்டலில் யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பினேன். சும்மா, விரிப்பு அறைச் சாவி கேட்கத்தான்.

ஏப்ரல் 30, ஞாயிறு

ஆட்டு டாக்டர் வந்திருந்தார். மணிக்கட்டு வலியோடு அவரால் கம்பளி மட்டும்தான் தைக்க முடிகிறது. அடியில் உடம்பைக் குழைத்து உருவாக்க முடியவில்லை. மந்தைக்கார அம்மாவுக்கு இன்னும் நிறைய ஆடுகள் வேண்டும். பட்டியில் நிறுத்தப்போகிறாராம், அக்கம்பக்கத்தார் சிரித்தால் சிரிக்கட்டுமாம்.

"உங்க கைதான் வேணும்" என்றார் இவரிடம். நேராக, சுற்றி வளைக்காமல்.

"நான் கோடு போடறவன். உருவம் செஞ்சதே இல்ல."

"அன்னைக்குக் கால் ஒடைஞ்சதைக் கண்டுபிடிச்சீங்களே, அது போதும்."

இவர் என் பக்கம் திரும்பினார். வேண்டாம், பேருந்து, படிக்கட்டு, சாலை - எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கினேன்.

மே 8, திங்கள்

ஒரு வாரமாக விடுப்பு எடுத்துப் பணிமனைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறேன். இவர் செய்த முதல் உடம்பு, பன்றி மாதிரி இருந்தது. ஆட்டு டாக்டர் முகத்துக்கு நேராகவே சொன்னார். இவர் அதை உடைத்துவிட்டு மறுபடி தொடங்கினார்.

மே 22, திங்கள்

இன்று தனியாகப் போனார். நான் வாசல் வரைதான். தெருமுனை திரும்பும் வரைகூட நிற்கவில்லை; நின்றால் பின்னாலேயே போய்விடுவேன் என்று தெரியும்.

ஓட்டலில் தலையணை உறைகளை விரிப்புக் கட்டுக்குள் வைத்துவிட்டேன். மேனேஜர் கண்டுபிடித்தார். திட்டவில்லை.

சாயங்காலம் வந்தார். புருவத்தில் மரத்தூள், காலரில் கம்பளி. வழியில் தப்பான நிறுத்தத்தில் இறங்கிவிட்டாராம். யாரையோ கேட்டு நடந்தே போய்ச் சேர்ந்தாராம். செருப்பைக் கழற்றுவதற்குள் சத்தம்:

"சாப்பிட என்ன இருக்கு? ஒண்ணும் பண்ணி வெக்கலையா?"

நானும் அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தேன். "எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?" என்று கத்தினேன். சுள்ளென்று எரிச்சல் வந்தது. அடுப்பைப் பற்றவைக்கும்போதுதான் நினைத்துப் பார்த்தேன் - எத்தனை நாளாயிற்று, இவர் மேல் இப்படிச் சாதாரணமாக எரிச்சல் வந்து.